கட்டை சாகாமல் மரம் வெட்டச் சொல்லித் தந்த டாப்சிலிப் ஹியூகோ வுட்

உடுமலையிலிருந்து பொள்ளாச்சி, ஆனைமலை, சேத்துமடை வழியாக டாப்சிலிப் போனவர்கள் நம்மில் நிறையப் பேர் இருப்போம். காட்டெருமை, மான், வளர்ப்பு யானை எல்லாம் பார்த்துவிட்டு மாலைக்குள் இறங்கிவிடுவோம். அங்கே தேக்கு மரங்களுக்கு நடுவில் ஒரு வெள்ளைக்காரரின் கல்லறை இருக்கிறது. அதன் பக்கம் போகிறவர்கள் குறைவு. தோட்டத்து வரப்பில் நாலு தேக்கும், வேலியோரத்தில் பத்து வேம்பும், வெள்வேலும் வைத்திருக்கிற விவசாயி ஒருமுறை அங்கே போய் நின்று பார்க்கலாம். விறகுக்கும் சட்டத்துக்கும் மரம் வெட்டுகிற நமக்கு அவர் வாழ்க்கையில் எடுத்துக்கொள்ள விஷயம் இருக்கிறது.

அவர் பெயர் ஹியூகோ பிரான்சிஸ் ஆண்ட்ரூ வுட். 1870-ல் பிறந்தவர், இந்திய வனப் பணியில் அதிகாரியாக இருந்தவர். முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலத்தில் ஆனைமலைக் காடுகள் அவர் பொறுப்புக்கு வந்தன.

வுட் வருவதற்கு முன்

அவர் கைக்கு வந்தபோது காடு எந்த நிலையில் இருந்தது என்று தெரிந்தால்தான் அவர் செய்த வேலையின் அருமை புரியும். 1800-களின் நடுவில் ஆனைமலைத் தேக்குக்கு ஏகப்பட்ட கிராக்கி. பம்பாய்க் கப்பல் துறைக்குப் பெரிய பெரிய மரங்கள் தேவைப்பட்டன. தேக்கு தண்ணீரில் கிடந்தாலும் கெடாது, ஆணி அடித்தாலும் பிளக்காது. இங்கிலாந்தில் ஓக் மரம் குறைந்துபோனதால் கப்பல் கட்ட நம் பக்கத்துத் தேக்கைத் தேடி வந்தார்கள். 1840-களின் கடைசியில் ஜேம்ஸ் மைக்கேல் என்ற ராணுவ அதிகாரியை இங்கே போட்டு வெட்டும் வேலையை முறைப்படுத்தப் பார்த்தார்கள். 1856-ல் சென்னை மாகாணத்துக்கு ஹியூ கிளெகார்ன் முதல் வனக் காப்பாளராக வந்தார். அவருக்கு உதவியாக வந்த பெடோம் ஆனைமலையின் செடி கொடிகளையும் பாம்புகளையும் எழுதி வைத்துவிட்டுப் போனார்.

ஆனாலும் வெட்டு நிற்கவில்லை. கப்பலை அடுத்து ரயில் வந்தது. தண்டவாளத்துக்கு அடியில் போடும் ஸ்லீப்பர் கட்டைக்குத் தேக்குதான் கேட்டார்கள். மலை உச்சியில் வெட்டிய மரத்தை யானைகள் இழுத்து வந்து விளிம்பில் போடும். அங்கிருந்து சரிவில் உருட்டிவிட்டால் அடிவாரத்துக்கு வந்து சேரும். டாப்சிலிப் என்ற பெயரே அப்படி மரம் சறுக்கிவிட்டதால் வந்ததுதான். வெட்டுகிற வேகத்துக்கு மரம் வளர முடியுமா? அரசாங்கக் கஜானாவுக்குக் காசு வந்தது, மலையில் மொட்டைக் கட்டைகள் மிஞ்சின.

நட்டு வளர்க்கலாமே என்று அதற்கு முன்பே யோசித்தவர்கள் உண்டு. நிலம்பூரில் 1840-களில் மலபார் கலெக்டர் கொனோலி சொல்ல, சாத்து மேனன் என்பவர் தேக்குத் தோட்டம் போட்டார். தேக்கு விதை சாமானியமாக முளைக்காது, ஓடு அவ்வளவு கெட்டி. பல முறை தோற்ற பிறகுதான் அவர்களுக்குப் பக்குவம் பிடிபட்டது. இன்றைக்கும் நாற்றங்கால் போடுகிறவர்கள் விதையை ராத்திரி தண்ணீரில் ஊறவைத்துப் பகலில் வெயிலில் காயவைப்பதைப் பல நாள் செய்தபிறகுதான் பாத்தியில் போடுகிறார்கள்.

வுட் செய்த மாற்றம்

வுட் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மவுண்ட் ஸ்டூவர்ட் என்று அப்போது சொல்லப்பட்ட இடத்தில் ஒரு சின்ன வீட்டில் தனியாக இருந்தார். காலையில் கிளம்பினால் காடு முழுக்க நடப்பார். கோட்டுப் பையில் தேக்கு விதையைப் போட்டுக்கொண்டு, கைத்தடியால் மண்ணில் குழி குத்தி, ஒவ்வொன்றாகப் போட்டு மூடிக்கொண்டே போவார் என்று டாப்சிலிப் பக்கம் இன்றும் சொல்கிறார்கள். தடிக்கு வெள்ளிப் பூண் போட்டிருந்ததாகவும் சொல்வார்கள்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. செய்தித்தாள்காரர்களும் அவரைப் பற்றி எழுதினால் இந்தக் கதையைத்தான் எழுதுகிறார்கள். ஆனால் ஒரு ஆள் பையில் கொண்டுபோகும் விதையால் ஒரு மலை நிரம்பாது. மேலே சொன்ன மாதிரி, போட்டதில் முளைப்பதே கொஞ்சம். ஆனைமலையைக் காப்பாற்றியது அவருடைய இன்னொரு வேலை. மரத்தை எப்படி வெட்டுவது என்பதை அவர் மாற்றினார்.

பழைய முறையில் மரம் எடுத்த இடத்தில் திரும்ப மரம் வரும் என்று யாரும் கணக்கு வைக்கவில்லை. ஆள் நின்று கோடாலி வீசச் சௌகரியமான உயரத்தில் வெட்டுவார்கள். கட்டை சிதறும், பட்டை உரியும். பிறகு அந்தக் கட்டையை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். வுட் எழுதிய திட்டத்தில் மரத்தைத் தரையோடு ஒட்டி வெட்ட வேண்டும், வேரைத் தோண்டக்கூடாது. கட்டையிலிருந்து வரும் தளிரை வளர்த்து அதையே அடுத்த மரமாக்க வேண்டும். காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதியில் வெட்டிவிட்டால் அது திரும்ப மரமாகிற வரைக்கும் அங்கே கை வைக்கக்கூடாது.

அமராவதிப் பாசனத்தில் கரும்பு போட்டுக் கிருஷ்ணாபுரம் ஆலைக்கு அனுப்பி வந்த விவசாயிக்கு இதை விளக்கத் தேவையில்லை. மறுதாம்புக் கரும்பு என்ன கணக்கோ அதே கணக்குதான். கரும்பை மண்ணோடு ஒட்டி வெட்டினால் மண்ணுக்குள் இருக்கும் கணுவிலிருந்து திடமான தூர் வரும். உயரத்தில் வெட்டினால் மேல் கணுவில் நோஞ்சானாக முளைத்துக் காற்றுக்குச் சாயும். தேக்கும் அப்படித்தான். மரம் போனாலும் பல வருஷம் ஓடிய வேர் மண்ணுக்குள் உயிரோடு இருக்கிறது. அந்த வேரின் பலத்தில் வரும் தளிர், புதிதாக நட்ட நாற்றைவிட முதல் சில வருஷங்களுக்கு மடமடவென்று ஏறும். நாற்று வாங்கும் செலவில்லை, குழி எடுக்கும் செலவில்லை, முதல் கோடையில் தண்ணீர் ஊற்றும் வேலையும் இல்லை.

இதில் அவர் ஒரேயடியாகச் சரி என்றும் சொல்ல முடியாது. மலை முழுக்கத் தேக்கு மட்டுமே நிற்பது காட்டு விலங்குக்கு நல்லதில்லை என்று இன்று வனத்துறையிலேயே பேசுகிறார்கள். தேக்கு இலையை யானை பெரிதாகச் சீண்டாது. காடர், மலசர் போன்ற மலைவாழ் மக்களின் உழைப்பும் வளர்ப்பு யானைகளின் உழைப்பும் இல்லாமல் எந்தத் துரையின் திட்டமும் அந்த மலையில் நடந்திருக்காது. அவர்களில் ஒருவர் பெயரும் கல்லில் இல்லை. வெட்டுகிற கையே அடுத்த மரத்துக்கும் வழி விட வேண்டும் என்று அரசாங்கத்தை ஏற்கவைத்தவர் வுட். அந்தப் பெருமையை அவருக்குக் கொடுக்கத்தான் வேண்டும்.

கோடாலியும் மிஷினும்

வுட் காலத்தில் ஆனைமலையில் கோடாலியும், இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து இழுக்கும் நீள ரம்பமும்தான். அதே காலத்தில் ஜெர்மனியில் ஆண்ட்ரியாஸ் ஸ்டில் என்ற இன்ஜினியர் மின்சாரத்தில் ஓடும் சங்கிலி ரம்பத்தை 1926-ல் செய்தார். 1929-ல் பெட்ரோல் மிஷின் வந்தது. அதன் எடை 46 கிலோ, தூக்கிப் பிடிக்க இரண்டு ஆள் வேண்டும். ஒரே ஆள் பிடித்து அறுக்கிற பெட்ரோல் மிஷினை அவர் கம்பெனி 1950-ல்தான் கொண்டு வந்தது. இன்று நாலு கிலோவில் செயின்சா கிடைக்கிறது. உடுமலை, பொள்ளாச்சி பக்கம் மிஷின் இல்லாத ஊரே இல்லை.

மிஷின் வந்ததில் ஒரு நஷ்டமும் வந்தது. எங்கள் தோட்டத்து வரப்பில் ஒன்பது தேக்கு நின்றது. கூலிக்கு மிஷின்காரரை வைத்து ஒரே நாளில் வெட்டி முடித்தோம். அத்தனையும் முழங்கால் உயரத்தில் வெட்டப்பட்டிருந்தது, இரண்டில் பட்டை ஒரு முழத்துக்குக் கிழிந்து தொங்கியது. மூன்று கட்டை மட்டும் உருப்படியாகத் தழைத்தது. மற்றதில் வந்த தளிர் ஆடிக் காற்றில் பிய்ந்து விழுந்தது. மரம் விற்ற காசை எண்ணிக்கொண்டிருந்ததில் கட்டையை நான் பார்க்கவே இல்லை. இருபது வருஷம் கழித்து வர வேண்டிய ஆறு மரத்தின் பணம் அன்றைக்கே போய்விட்டது.

மிஷின்காரர் ஏன் உயரத்தில் வெட்டுகிறார்? சோம்பேறித்தனம் மட்டும் காரணமில்லை. ஓடுகிற செயின் மண்ணிலோ சின்னக் கல்லிலோ ஒருமுறை பட்டால் போதும், பல் மழுங்கிவிடும். திரும்ப அரம் போட்டால்தான் அறுக்கும். அதனால் தரையிலிருந்து ஒரு அடி, ஒன்றரை அடி தள்ளியே பிடிப்பார். இதற்கு வழி இருக்கிறது. வெட்டுவதற்கு முதல் நாளே மரத்தடியில் சுற்றிலும் மண்ணை மண்வெட்டியால் இழுத்து, கல்லைப் பொறுக்கி, அடிப்பட்டையில் ஒட்டிய மண்ணை இரும்பு பிரஷ்ஷால் தேய்த்துவிடுங்கள். மரத்தை வசதியான உயரத்திலேயே சாய்த்துக்கொள்ளட்டும். சாய்ந்தபிறகு மீதிக் கட்டையைத் தரையிலிருந்து ஒரு சாணுக்கும் கீழே இரண்டாவது வெட்டாக எடுக்கச் சொல்லுங்கள். கூலி பேசும்போதே இதையும் சேர்த்துப் பேசிவிட வேண்டும். வேலை முடிந்தபிறகு கேட்டால் யாரும் திரும்பி வர மாட்டார்கள்.

வெட்டு மழமழப்பாகவும், தண்ணீர் தேங்காமல் ஒரு பக்கம் லேசாகச் சரிந்தும் இருக்க வேண்டும். பட்டை உரியக்கூடாது, ஏனென்றால் தளிர் பட்டையை ஒட்டித்தான் வரும். இலை உதிர்ந்து நிற்கும் மாசி, பங்குனியில் வெட்டினால் வேரில் சத்து சேர்ந்திருக்கும், அடுத்த மழைக்குத் தளிர் கிளம்பும். இலை விட்டுச் செழித்த பிறகு வெட்டினால் வேர் ஏற்கெனவே செலவழித்திருக்கும்.

ஒரு கட்டையில் பத்துப் பதினைந்து தளிர் வரும். உடனே ஒன்றை மட்டும் விட்டு மற்றதைக் கழித்துவிடாதீர்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆனி, ஆடியில் உடுமலைப் பக்கம் என்ன வேகத்தில் அடிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். முதல் வருஷம் அடியிலிருந்து வந்த மூன்று நாலு தளிரை விட்டுவைத்து, காற்றுக் காலம் ஒன்று தாண்டியபின் நேராக நிற்கும் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். விறகுக்கு என்றால் மூன்றையும் வளர விடலாம். வேம்பு, வெள்வேல், தைல மரம், சூபாபுல், கிளைரிசிடியா எல்லாமே இப்படிக் கட்டையில் தழைக்கக் கூடியவை. சவுக்கு அவ்வளவாகத் தழைக்காது, அதை நம்பிக் கட்டை விட வேண்டாம். தேக்கிலும் வயது முற்றிய பெரிய கட்டை தழைப்பது சந்தேகம்.

எந்த மிஷின் வாங்குவது

சொந்தமாக வாங்குவோர் கடையில் முதலில் கேட்பது எத்தனை சிசி என்றுதான். சிசி மட்டும் போதாது, எத்தனை கிலோவாட், எத்தனை கிலோ எடை என்றும் கேட்க வேண்டும்.

கவ்வாத்து, தென்னை மட்டை, கட்டையைத் தரையோடு சரிசெய்வது, ஒரு அடிக்கு உட்பட்ட விறகு, இந்த வேலைகளுக்குச் சின்ன மிஷின் போதும். ஸ்டில் எம்.எஸ். 170 என்பது 30 சிசி, எம்.எஸ். 180 என்பது 32 சிசிக்குச் சற்றுக் குறைவு. இவை நாலு கிலோ அளவில் இருக்கும், குனிந்து வேலை செய்தாலும் இடுப்பு தாங்கும். 14 அல்லது 16 இன்ச் பார் போட்டால் போதும். 18 இன்ச் கேட்டு வாங்கினால் இன்ஜின் திணறும். ஹஸ்க்வர்னா 236 என்பது 38 சிசி, எடை கொஞ்சம் கூடும், அதே வகை வேலைக்குத்தான்.

வருஷம் முழுக்க விறகு அறுக்கிறவர், தென்னை சாய்க்கிறவர், கூலிக்கும் போகிறவர் 45 சிசி அளவில் வாங்க வேண்டும். ஸ்டில் எம்.எஸ். 250 அப்படிப்பட்டது, 2.3 கிலோவாட். புளி, தூங்குமூஞ்சி மாதிரிப் பருத்த மரங்களை அறுக்க 70 சிசி மிஷின் வேண்டும். எம்.எஸ். 382 என்பது 72 சிசி, 3.9 கிலோவாட், எடை ஆறு கிலோவுக்கு மேல். வீட்டு விறகுக்காக அதை வாங்குவது சோளக்காடு உழ ஜேசிபி வாங்குவது மாதிரி. அப்படிப்பட்ட மரம் பத்து வருஷத்துக்கு ஒன்று வரும், அதற்கு ஆள் கூப்பிட்டுக்கொள்ளலாம்.

பேர் தெரியாத பல லேபிளில் 58 சிசி, 22 இன்ச் பார் என்று சீன மிஷின் பாதி விலைக்குக் கிடைக்கிறது. 58 என்பதைப் பார்த்து 45-ஐவிடப் பெரிது என்று நினைக்காதீர்கள். இழுவையில் பல நேரம் பெரிய வித்தியாசம் இருக்காது, எடையும் அதிர்வும் கூட. மாதம் ஒருநாள் ஓட்டுகிறவருக்கு அது போதுமானது, உதிரிப் பாகமும் சல்லிசு. வாங்கினால் செயின் பிரேக் உண்மையாகவே பிடிக்கிறதா என்று கடையிலேயே ஓட்டிப் பார்த்து வாங்குங்கள்.

ஆயில் கலப்பதில்தான் பாதி மிஷின் சாகிறது. கம்பெனி ஆயில் என்றால் பெரும்பாலும் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி, சீன மிஷினுக்குச் சாதாரண டூடி ஆயில் என்றால் 40 மில்லி. மிஷினோடு வரும் புத்தகத்தில் போட்டிருப்பதே கடைசி வார்த்தை. கலந்த பெட்ரோலை மாதக்கணக்கில் வைத்திருக்கக்கூடாது. செயினுக்கு விடும் ஆயில் தனி, அது தீர்ந்தும் ஓட்டினால் பார் தேய்ந்துவிடும்.

வேர்வாடல் நோயால் தென்னை எடுக்க வேண்டிய நிலை நம் பக்கம் நிறையத் தோப்புகளில் வந்திருக்கிறது. தென்னையின் வெளிப்பக்கம் கருங்கல் மாதிரி, நார் வேறு. செயின் சீக்கிரம் மழுங்கும். கூடுதலாக இரண்டு செயின் கையில் வைத்துக்கொண்டு இறங்குங்கள். தூள் பொடிப்பொடியாக மாவு மாதிரி விழுந்தால் பல் மழுங்கிவிட்டது என்று அர்த்தம். அதோடு அழுத்தி அறுத்தால்தான் பட்டை கிழிவதும் கட்டை சிதறுவதும்.

பாரின் மூக்கில் மேல்பாதி மரத்தில் பட்டால் மிஷின் கண் மூடித் திறப்பதற்குள் முகத்துக்கு எகிறும். மூக்கால் குத்தி அறுக்காதீர்கள், தோளுக்கு மேல் தூக்கி அறுக்காதீர்கள், ஒற்றைக் கையால் பிடிக்காதீர்கள். லுங்கியோடும் செருப்போடும் மிஷின் பிடிக்கிற பழக்கத்தை விட்டே ஆக வேண்டும்.

பட்டா நிலத்துத் தேக்கானாலும் வெட்டி வண்டியில் ஏற்றும் முன் ரேஞ்சர் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். மலைப் பகுதி என்று அறிவித்த ஊர்களில் 1955-ம் வருஷச் சட்டப்படி மரம் வெட்டவே முன்அனுமதி வாங்க வேண்டும்.

கல்லறை

வுட்டுக்குக் கடைசியில் காசநோய் வந்தது. குன்னூரில் 1933 டிசம்பர் 12-ம் தேதி இறந்தார். வயது 63. தன் உடலை மவுண்ட் ஸ்டூவர்ட்டில், தான் வளர்த்த தேக்குகளுக்கு நடுவில் புதைக்க வேண்டும் என்று சொல்லி வைத்திருந்தார். அப்படியே கொண்டுவந்து புதைத்தார்கள். அவர் குடியிருந்த வீடும் பக்கத்திலேயே இருக்கிறது. கல்லில் லத்தீன் மொழியில் ஒரு வரி வெட்டியிருக்கிறார்கள். லண்டனில் செயின்ட் பால் தேவாலயத்தைக் கட்டிய கிறிஸ்டோபர் ரென் கல்லறையில் இருப்பதும் அதே வரிதான். அவர் நினைவுச் சின்னத்தைத் தேடி வந்தவர் சுற்றிலும் பார்த்தால் போதும் என்பது அதன் பொருள்.

அந்தக் காடு 1976-ல் சரணாலயமாகவும் 2007-ல் புலிகள் காப்பகமாகவும் ஆனது. வெட்டுவதற்காக அவர் திட்டம் போட்டு வளர்த்த மரங்களில் இப்போது யாரும் ரம்பம் வைப்பதில்லை. அடுத்த முறை போனால் கல்லறையைச் சுற்றி நிற்கும் தேக்குகளின் அடிப்பகுதியைக் குனிந்து பாருங்கள். கட்டையிலிருந்து தழைத்து வந்த மரம் என்றால் அடியில் லேசாக வளைந்து, ஒரு பக்கம் புடைத்து நிற்கும். நம் வரப்பில் இருக்கும் கட்டை எப்படி வர வேண்டும் என்று அதைப் பார்த்தால் தெரிந்துவிடும்.